உறைந்த உயிரும் ஓர் எலுமிச்சம்பழமும்

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. இரண்டு முறை குளித்தும் என் மேல் கோலா கெடா மீன் சந்தை வாசம் போகவில்லை. 'நீங்க தேடுற அலுமினியக் கேன் மீன் பாசார்ல கிடக்குது' என்று யாரோ ஒரு புண்ணியவான் போன் போட்டதை நம்பி, முதல் நாள் முழுக்க அங்கே கூடை கூடையாகத் தூக்கிப் பார்த்தோம். கேன் இருந்தது. உள்ளே கணவாய் இருந்தது.

"விடு ஷஃபிக். ஒரு பொய்யைக் கழிச்சாச்சு, அவ்வளவுதான்" என்றார் ஜெனவீவ் அக்கா, கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டே கஞ்சில் காரை ஓட்டியபடி.

இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களைக் கழித்துக் கழித்தே ஓய்வு பெற்றவர். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் எப்போதும் கச்சான் பொட்டலம். நான் கூலிமில் வாப்பாவின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் பதினைந்து வருடம் குழம்பு ஊற்றியவன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அங்கேயும் தட்டைப் பார்த்தே யார் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல வேண்டும்.

"அக்கா, ஒரு மணிக்கு ஜும்ஆ. அதுக்குள்ள கண்டுபிடிச்சிருங்க."

"கண்டுபிடிச்சிட்டா தொழுகையில எனக்கும் சேர்த்துக் கேளு."

பின் சீட்டில், கேனைத் தேடித் தரச் சொல்லி எங்களிடம் வந்த நளினி டீச்சர் இருந்தார். கெடாவில் வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. 'நானும் வருவேன்' என்று காலையிலேயே வந்து காரில் ஏறிவிட்டார். முப்பத்தொரு வயது. ஐந்து வருடத்துக்கு முன்பு அவருக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றினால் உயிர் பிழைக்கும், ஆனால் கருமுட்டை ஒன்றுகூட மிஞ்சாது என்றார்கள். அதனால் மருந்துக்கு முன்பே கருமுட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு சின்னக் குப்பிகளில் போட்டு, திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படி உறைய வைத்தால் உள்ளே பனி ஊசி ஊசியாக முளைத்து சதையைக் குத்திக் கிழித்துவிடுமாம். இப்போது ஊசி முளைக்காமல் உறைய வைக்கக் கற்றுக்கொண்டார்கள். துண்டு உயிரோடு தூங்கும். திரும்ப உடம்பில் வைத்துத் தைத்தால் விழித்துக்கொள்ளும்.

நோய் போய்விட்டது. கல்யாணமும் ஆகிவிட்டது. இந்த வாரம் திங்கட்கிழமை பினாங்கு ஆய்வுக்கூடத்திலிருந்து அலோர் ஸ்டார் மருத்துவமனைக்கு அந்தக் குப்பிகளை ஒரு நைட்ரஜன் கேனில் வைத்து அனுப்பினார்கள். கேன் போய்ச் சேரவில்லை. டாக்டர் வரும் திங்கள் வரைக்கும் பொறுப்பேன் என்கிறார். கேனுக்குள் இருக்கும் குளிரும் அதுவரைதான் பொறுக்கும். நடுவில் யாராவது மூடியைத் திறந்தால் அதுவும் இல்லை.

"போலிஸ்ல ஐஸ் பெட்டி காணோம்னு எழுதியிருக்காங்க சிஸ்டர்" என்றார் டீச்சர். "ஐஸ் பெட்டியாம்! எனக்கு இருக்கிறது அது ஒன்னுதான். வேற துண்டு கிடையாது."

என் வாயில் ஏதோ ஜோக் வந்தது. விழுங்கிவிட்டேன்.

---

பாடாங் செராய் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலில், கேனை ஏற்றிப் போன வேன் பளபளவென்று நின்றது. ஓட்டுநர் புவனேசன், நாற்பது வயது, நான்கு நாள் தாடி. கூரியர் கம்பெனி விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம், வேனையும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டீச்சரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் இறங்கினோம்.

போலிஸில் சொன்ன கதையையே எங்களுக்கும் ஒப்பித்தான். பினாங்கிலிருந்து நேரே ஹைவே. பாடாங் செராய்க்குள் வந்து ஒரு தே தாரே டீ குடித்தான். பத்து நிமிடம். திரும்பி வந்தால் கேன் இல்லை.

"வேற எங்கேயும் நிறுத்தலையா தம்பி?" என்றார் அக்கா.

"சத்தியமா இல்லக்கா."

"கேன்ல இருப்பிடம் காட்டுற கருவி எதுவும்?"

"குளிரைக் காட்டுறது மட்டும்தான் இருக்கு. மத்தது அடுத்த வருசம் வருமாம்."

அக்கா வேனை ஒரு சுற்று சுற்றினார். இடது பின் சக்கரத்தருகே குனிந்தார். எழுந்தபோது விரல் நுனியில் என்னவோ காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் நீட்டினார். முகர்ந்தேன். சமையல்காரன் மூக்கு பொய் சொல்லாது.

"எலுமிச்சம்பழம். நசுங்கி நாலு நாளாச்சு."

"வேன் என்னைக்கு உங்க கைக்கு வந்துச்சு தம்பி?" என்றார் அக்கா.

"திங்கக்கிழமை காலையில. பினாங்கு ஆபிஸ்ல சாவி கொடுத்தாங்க. புத்தம் புதுசு."

"அன்னைக்குச் சாயந்திரத்துலேருந்து இங்கேயே நிக்குது."

"ஆமாக்கா."

"அப்ப அந்த ஒரே ஒரு ஓட்டத்துல எலுமிச்சம்பழம் மேல ஏறியிருக்கு. ஹைவேல எலுமிச்சை காய்க்கிறதில்லையே!"

புது வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் யார் ஓட்டுவார்கள்? கம்பெனி வண்டியாக இருந்தால் என்ன, உட்காருகிறவன் உயிர் அவனுடையதுதானே. நான் மாமாக் கடைக்கார முஸ்லிம், எனக்கே தெரியும்.

அக்கா அதற்குள் முன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மறைப்பைக் கீழே இழுத்தார். அதன் பின்பக்கம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'மனிதத் திசு' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்து. கீழே நளினி டீச்சரின் பெயர், ஆய்வுக்கூடத்தின் போன் எண்.

"இது கேன் மேல ஒட்டியிருந்ததாச்சே!" என்றேன். "கேனைத் திருடினவன் ஸ்டிக்கரை மட்டும் உரிச்சு உனக்கு ஞாபகார்த்தமா கொடுத்துட்டுப் போனானா?"

புவனேசன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"பாடாங் மேஹா முனீஸ்வரர் கோயிலுக்குப் போனேங்க்கா. எங்க வீட்டு சாமி. போன வண்டியில நான் அடிபட்டது போதும்னு பொண்டாட்டி ஒத்தக் கால்ல நின்னா. வேன் கோயில் வாசலுக்குள்ள ஏறணும். உள்ள இருக்கிறது சதை... அதுவும் பொம்பளை உடம்புல... தீட்டாச்சேன்னு இறக்கி, வெளிய ஆலமரத்தடியில வெச்சேன். போற வர்றவங்க மிரளக் கூடாதுன்னு ஸ்டிக்கரை உரிச்சேன். இருபது நிமிசம்தான்க்கா. வந்து பார்க்கிறேன், கேன் இல்ல. பயத்துல யாருகிட்டயும் கேட்கக்கூட இல்ல. உண்மையைச் சொன்னா வேலை போயிரும்னு தே தண்ணிக் கதை விட்டேன்."

"ஸ்டிக்கரை ஏன் தூக்கிப் போடல?" என்றார் அக்கா. "போட்டிருந்தா மாட்டியிருக்க மாட்டியே."

"ஒரு பொம்பளை பேரு எழுதியிருக்குக்கா. குப்பையில போட மனசு வரல."

அக்கா ஸ்டிக்கரைப் பதமாக உரித்தெடுத்து, காரில் இருந்த டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் அதைப் பாடக் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். நான் தீட்டு விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்தது. "என் வயித்துல இருந்தது தீட்டா?" என்று கேட்டார். கார் பாடாங் மேஹா பக்கம் திரும்பியது.

---

கோயில் வாசலுக்கு எதிரே ஆலமரம். மரத்தடியில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் தகரக் கூரை போட்ட பூக்கடை. கடைக்காரர் பிரேமாவதி அக்கா மல்லிகை கட்டிக்கொண்டே நாங்கள் சொன்ன கதையைக் கேட்டார். விரல்கள் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

"தீட்டா? அட போங்கலா! முன்னாடி இதே முனீஸ்வரருக்கு கடா வெட்டி, சுருட்டும் பீரும் வெச்சுக் கும்பிட்டோம். கும்பாபிஷேகம் முடிஞ்சதும் கமிட்டிக்காரங்க சாமியை சைவமாக்கிட்டாங்க. இப்ப வாசல்ல முட்டைகூட ஆகாது. பாவம், அந்தப் பையன் பயந்திருப்பான்."

முதல் நாள் மீன் பாசாரில் நடந்து நடந்து காலெல்லாம் வலி. மஞ்சள் துணி விரித்த முக்காலி ஒன்று மூலையில் இருந்தது. உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமை இந்த மரத்தடியிலேருந்து யாரும் கேன் எடுத்துட்டுப் போனாங்களா அக்கா?" என்றார் ஜெனவீவ் அக்கா.

"மணியம் எடுத்துட்டுப் போனாரு. அது அவரு கேன்தானே! மாட்டுக்காரர். மாட்டுக்கு சினை ஊசி போடுவாரு. காளை விந்துக் குச்சியெல்லாம் நைட்ரஜன்ல வெச்சிருப்பாரு. திங்கக்கிழமை திங்கக்கிழமை மாட்டு டாக்டர் ஆபிஸ் லோரிக்காரன் கேனை இந்த மரத்தடியில இறக்கி வெச்சிட்டுப் போவான், இவரு மோட்டார்ல வந்து தூக்கிட்டுப் போவாரு. வருசக்கணக்கா இப்படித்தான்."

கருமுட்டைத் துண்டு மாட்டுக் கொட்டகையில்! பின்னால் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒருவேளை அது உண்மையிலேயே அவர் கேனா இருந்தா?" என்றேன்.

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றார் பிரேமாவதி. "அவரு தூக்கிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும், லோரிக்காரன் வந்து இன்னொன்னு இறக்கிட்டுப் போறான். இந்த வாரம் ரெண்டு போலருக்குன்னு விட்டுட்டேன். சாயந்திரம் மழை வந்துச்சு, எடுத்து உள்ள வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

பிரேமாவதி கட்டிய பூச்சரத்தால் என்னைச் சுட்டினார். "அதோ, அவரு உட்கார்ந்திருக்காரே."

துள்ளி எழுந்தேன். கொஞ்ச நேரமாகவே அடியில் ஜில்லென்று இருந்தது. பூக்கடை, தண்ணீர் தெளித்திருப்பார்கள் என்று நினைத்தேன். துணியை இழுத்தால் அலுமினியக் கேன். டீச்சர் 'ஆண்டவா' என்று ஓடி வந்தார். அக்கா துணியால் பிடித்து மூடியைத் தூக்கினார். வெள்ளைப் புகை வழிந்தது. உள்ளே கம்பியில் தொங்கிய கூடையைக் கேனின் கழுத்துவரை மட்டும் இழுத்துப் பார்த்தார்.

மஞ்சள் குச்சிகள். ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஏதோ காளையின் பெயர்.

"உங்களுது இல்ல டீச்சர்" என்று மூடியை வைத்தார். "ஆனா சந்தேகம் தீர்ந்துச்சு. மணியத்தோட கேன் இங்க இருக்கு. அப்ப அவரு தூக்கிட்டுப் போனது உங்களோடது."

"நாலு நாளாச்சு" என்றார் டீச்சர். "குச்சி எடுக்கத் திறந்திருப்பாரு சிஸ்டர். நிச்சயம் திறந்திருப்பாரு."

பிரேமாவதியின் கை முதல்முறையாக நின்றது. "அதுக்கப்புறம் அவரு இந்தப் பக்கமே வரல. போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாரு."

"தப்பு செஞ்சவன்தான் ஒளிவான்" என்றேன்.

"பயந்தவனும் ஒளிவான்" என்றார் அக்கா. "அந்தக் கேனைத் தூக்கு. அவரு பொருள், அவருகிட்ட கொடுக்கணும்."

கஞ்சிலில் இடம் ஏது? காளைகள் என் மடியில் வந்தன.

---

பிரேமாவதி சொன்ன வழியில் செம்பனைத் தோட்டத்துக்குள் இரண்டு மைல் மண்பாதை. முடிவில் பழைய பால்மர ரப்பர் எஸ்டேட்டின் மிச்சமாக ஒரு தகரக் கொட்டகை, ஆறு மாடு. கொட்டகைக் கம்பத்தில் எஸ்டேட் ஆபிஸ் நோட்டீஸ்: மாத முடிவுக்குள் மாடுகளை அகற்ற வேண்டும்.

காரைக் கண்டதும் அறுபது வயதுக்காரர் ஒருவர் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினார். வலக் கையில் மூன்று விரல் நுனிக்குக் கட்டு, கட்டின் ஓரத்தில் கொப்புளம்.

"மணியம் அண்ணே, மரத்தடியில எடுத்த கேன் எங்க?" என்றார் அக்கா.

"என்ன கேன்? நான் ஒரு கேனும் எடுக்கல."

"மாடு கறக்கிற கையில கொப்புளம். கொதிக்கிற தண்ணி பட்டா கை முழுக்கப் படும். விரல் நுனி மட்டும் வெந்திருக்குன்னா குளிர்ல தொட்டிருக்கீங்க. நாங்க போலிஸ் இல்ல, எஸ்டேட் ஆபிஸும் இல்ல. இந்தப் பொண்ணோடது அது."

மணியம் டீச்சரைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

கேன் வைக்கோல் மேல் இருந்தது. சுற்றிலும் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. டீச்சர் அதன் பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"திறந்தீங்களா அண்ணே?"

"திறந்தேம்மா. செவ்வாக்கிழமை பசு பருவத்துக்கு வந்துச்சு. குச்சி எடுக்கலாம்னு திறந்தா உள்ள குப்பி. மனுசப் பேரு."

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாணி, சேறு எதையும் பார்க்கவில்லை. அழுகை சத்தமாக வந்தது; அந்த ஐந்து வருடமும் சேர்ந்து வந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"பெரியவரே, பேரைப் பார்த்தீங்கல்ல? ஒரு போன் போட உங்களுக்கு என்ன கேடு?"

"எந்த நம்பருக்குப் போட? மேல ஒரு ஸ்டிக்கரும் இல்லையேப்பா. போலிஸுக்குப் போனா இங்க வருவாங்க. வந்தா மாட்டை இன்னைக்கே ஓட்டிருவாங்க. திங்கக்கிழமை லோரிக்காரன் வந்தா அவன்கிட்ட கொடுத்து யாருதுன்னு கேட்கலாம்னு இருந்தேன்."

"திங்கக்கிழமை வரைக்கும் அது—"

"ஷஃபிக், கொஞ்சம் வாயை மூடு." அக்கா கேன் மூடியின் மேல் இருந்த சின்னக் கருவியைக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாள் குளிரையும் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கும் கருவி அது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பின்னால் போனார். அவர் முகத்தில் கச்சான் தின்னும்போது வரும் சாந்தம் வந்தது.

"டீச்சர், எழுந்து வாங்க. இதைப் படிங்க."

"வேணாம் சிஸ்டர்."

"நீங்க கணக்கு டீச்சர்தானே. படிங்க."

டீச்சர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மைனஸ் நூத்து எண்பத்தி எட்டு" என்றார். திரும்பவும் வாசித்தார். "இப்பவா? இப்பவா இது?"

"இப்பதான். செவ்வாக்கிழமை மூடி திறந்தப்ப கோடு கொஞ்சம் மேல ஏறுது பாருங்க. ஆபத்தான அளவுக்குப் போகல. அப்புறம் சட்டுனு இறங்குது. புதன்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்கு மறுபடி ஒரு பள்ளம். வியாழக்கிழமை அஞ்சு மணி. இன்னைக்கும் அஞ்சு மணி. தானா குளிர் கூடாது டீச்சர். யாரோ ஊத்தியிருக்காங்க." அக்கா திரும்பினார். "அஞ்சு மணிக்கு என்ன வேலை அண்ணே?"

"பால் கறக்கிற நேரம்" என்றார் மணியம். "கறக்கிறதுக்கு முன்னாடி ஒரு செம்பு ஊத்திருவேன். என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாது. குளிர்ல வெச்சிருந்தா உள்ள உசுரு இருக்குன்னு அர்த்தம். அது மட்டும் தெரியும்."

"ஊத்த நைட்ரஜன் ஏது? உங்க பங்கு பூக்கடையில கிடந்துச்சே" என்றேன்.

அக்கா மூலையில் நின்ற பெரிய கேனைக் காட்டினார். நான் போய் மூடியைத் தூக்கினேன். புகை வரவில்லை. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மரக்குச்சியை எடுத்து மணியமே உள்ளே விட்டு, பத்து எண்ணி, வெளியே இழுத்தார். நைட்ரஜன் எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குக் குச்சியில் வெள்ளைப் பனி பிடிக்கும்; மாட்டுக்காரர்கள் அப்படித்தான் அளப்பார்கள். குச்சி காய்ந்தே வந்தது.

"உள்ள என்ன வெச்சிருந்தீங்க?" என்றார் டீச்சர்.

"என் காளைம்மா. சின்னதுரைன்னு பேரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செத்துப்போச்சு. அதோட குச்சி நாப்பது இருந்துச்சு. ரெண்டு கேனுக்கும் நைட்ரஜன் பத்தாது. காலையில கடைசிச் செம்பு ஊத்தினேன்."

"நாப்பதுமா?"

"மாடு இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும்மா. வேற காளையைப் பார்த்துக்கலாம். இது யாரோ ஒரு பொண்ணு பத்திரமா வெச்சது. திரும்ப வைக்க முடியுமோ முடியாதோ, எனக்கு எப்படித் தெரியும்?"

பூக்கடையிலிருந்து கொட்டகைக்கு வரும் வழியெல்லாம் அந்த மனிதரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தவன் நான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சொல்லியும் விட்டேன். "மன்னிச்சிருங்க அண்ணே. என் வாய் கொஞ்சம் நீளம்." அவர் கட்டுப்போட்ட கையை ஆட்டி விட்டுவிட்டார்.

டீச்சர் பாடக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, கேனில் அது இருந்த இடத்திலேயே ஒட்டி, உள்ளங்கையால் நாலு தடவை அழுத்தித் தேய்த்தார்.

"அலோர் ஸ்டாருக்கு உடனே போகணும்" என்றார் அக்கா. "கஞ்சில்ல இதைப் படுக்க வைக்க முடியாது, நிமிர்ந்து நிக்கணும். வேன் வேணும்."

"புவனேசனைக் கூப்பிடுங்க" என்றார் டீச்சர்.

"அவனையா?" என்றேன். "கேனை மரத்தடியில விட்டுட்டு வந்தவனை?"

"என் பேரைக் குப்பையில போடாதவர். வேனுக்குத்தான் பூஜை போட்டாச்சே. வரச் சொல்லுங்க, கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா இந்தத் தடவை கேன் என் பக்கத்துலதான் இருக்கும். கோயில் வந்தாலும் இறக்க மாட்டேன்."

அரை மணி நேரத்தில் வேன் வந்தது. புவனேசன் இறங்கியதும் டீச்சரைக் கும்பிட்டான். கேனை வேனில் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டினோம். மணி பன்னிரண்டு இருபது. கூலிம் பள்ளிவாசலை இன்னும் பிடித்துவிடலாம் என்று நான் வாட்சைப் பார்த்தேன்.

"இருங்க, இருங்க" என்று மணியம் ஓடி வந்தார். கையில் செம்பு. நான் மடியில் சுமந்து வந்த அவருடைய சொந்தக் கேன், அந்த வாரத்துக்கு அவருக்கு வந்த ஒரே கேன், கொட்டகை வாசலில் மூடி திறந்து கிடந்தது. செம்பு விளிம்பில் வெள்ளைப் புகை பொங்கியது.

"அண்ணே, வேணாம்!" என்றார் டீச்சர். "நூத்து எண்பத்தி எட்டு இருக்கு, திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும். இது உங்களுக்கு வேணும்."

"அலோர் ஸ்டார் தூரம்மா" என்றார் மணியம். அவரே வேனில் ஏறி, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, ஒரு சொட்டு சிந்தாமல் முழுச் செம்பையும் ஊற்றினார்.